கதிர் பட்ட கிராபீனைச் சூடேற்றினால் காலியிடம் அடைபடுமா? அனீலிங் முழு வழிகாட்டி

நாற்று நட்ட வயலில் ஒரு குத்து பிடிக்காமல் போனால் அந்த இடம் இரண்டு விதமாகச் சரியாகும். பத்து நாளுக்குள் வேறு நாற்றைக் கொண்டுவந்து அதே இடத்தில் செருகலாம். செருகாமல் விட்டால் சுற்றியிருக்கும் குத்துகள் தூர் வெடித்துப் பரவி இடத்தை மூடிக்கொள்ளும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே பச்சைதான். இறங்கி எண்ணினால்தான் இரண்டாவதில் ஒரு குத்து குறைவது தெரியும்.

கிராபீன் என்பது ஓரணுத் தடிமனுள்ள கார்பன் படலம். அயனிக் கற்றையில் (மின்னூட்டமுள்ள அணுக்களின் பாய்ச்சலில்) அடிபட்ட கிராபீனை உலையில் சூடேற்றி ஆறவிடுவதே அனீலிங். அப்படி எடுத்தால், லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் படலத்தைப் படிக்கும் ராமன் நிறமாலையில், குறைகளைக் காட்டும் டி உச்சி பெரும்பாலும் இறங்கியிருக்கும். உடனே "குறைகள் சரியாகிவிட்டன" என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள். அது வரப்பில் நின்று பார்ப்பது. வெப்பம் சில குறைகளை நீக்கும், சிலவற்றை நகர்த்தி ஒன்றோடொன்று சேர்க்கும், சிலவற்றைப் புதிதாக உண்டாக்கவும் செய்யும். இவற்றில் எது நடந்தது என்று பிரித்துச் சொல்லும்படி சோதனையை அமைப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டி. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருச்சி வட்டாரக் கல்லூரிகளில் ஒரு குழாய் உலையும், மணிக்கணக்கில் முன்பதிவு செய்து கிடைக்கும் ராமன் கருவியும் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆய்வகத்தில் புழங்குகிற சொற்களையே வைத்திருக்கிறோம். காற்று நீக்கிய நிலையை 'வேக்குவம்' என்றும், அணு இல்லாத இடத்தைக் 'காலியிடம்' என்றும் சொன்னால் இரண்டும் குழம்பாது.

உலைக்குள் போகும் குறைகள் எவை?

கிராபீனில் இரு கார்பன்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர். ஓர் அணுவைப் பெயர்க்க ஏறக்குறைய 20 எலெக்ட்ரான் வோல்ட் அதற்குப் போய்ச்சேர வேண்டும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் 80 கிலோவோல்ட்டை குறையற்ற கிராபீன் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே காலியிடம் இருந்தால் அதன் விளிம்பு அணுக்கள் அந்த ஆற்றலிலேயே தெறிக்கும்.

நான்கு வகைகளை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது ஒற்றைக் காலியிடம். ஓர் அணு போய், மீதி மூன்றில் இரண்டு கைகோத்து ஐங்கோணமாகும், ஒன்றின் பிணைப்பு தொங்கும். இரண்டாவது இரட்டைக் காலியிடம். இரண்டு அணு போய், மீதமுள்ளவை ஐங்கோணம், எண்கோணம், ஐங்கோணம் என்று தாமே பின்னிக்கொள்ளும். தொங்கும் பிணைப்பு ஒன்றும் மிஞ்சாததால் இது உறுதியானது. தூர் வெடித்து மூடிய வயல் இதுதான். மூன்றாவது ஸ்டோன்-வேல்ஸ் குறை. இதில் அணு எதுவும் குறையவில்லை, ஒரு பிணைப்பு 90° திரும்பி இரண்டு ஐங்கோணமும் இரண்டு எழுகோணமும் உண்டாகும். நான்காவது மேலே ஒட்டிக்கொண்டிருப்பவை: தனிக் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் குழுக்கள்.

கற்றையைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறும். நூறு எலெக்ட்ரான் வோல்ட் அளவிலான ஆர்கான் ஏறக்குறைய அயனிக்கு ஒரு குறையை உண்டாக்கும். ஒரு சதுர செ.மீ.க்கு 10¹¹ அயனி என்றால் குறைகளுக்கு இடையே சராசரி 32 நானோமீட்டர், 10¹² என்றால் 10, 10¹³ என்றால் 3. தில்லியில் உள்ள 15 மில்லியன் வோல்ட் பெலட்ரான் போன்ற முடுக்கியில் கிடைக்கும் பெரும் ஆற்றல் அயனிகளின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலானவை ஓரணுப் படலத்தைச் சேதமின்றிக் கடந்துவிடும். அடித்தளத்திலிருந்து மேல்நோக்கித் தெறிக்கும் அணுக்களும் படலத்தைக் கிழிக்கும். அதனால் "எத்தனை அயனி" என்பதிலிருந்து "எத்தனை குறை" என்று நேராகக் கணக்குப் போடாதீர்கள், அளந்து பாருங்கள்.

தகட்டைத் தட்டுபவர் அறிந்த அனீலிங் வேறு. தஞ்சாவூர்க் கலைத்தட்டுக்குத் தகடு அடிக்கும்போது அடிக்க அடிக்க உலோகம் இறுகும், நெருப்பில் காட்டினால் இளகும். அங்கே அணு எதுவும் தொலையவில்லை, ஒழுங்குதான் குலைந்தது. ஓரடுக்குக் கிராபீனில் அடிபட்ட அணு வெளியே பறந்துவிட்டது. வெறும் வெப்பத்தால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பல அடுக்குக் கிராஃபைட்டில் தெறித்த அணு அடுக்குகளுக்கு இடையே சிக்கி நிற்கும். சூடேற்றினால் திரும்பி வந்து உட்காரும், அப்போது சேமித்த ஆற்றல் வெப்பமாக வெளிப்படும். விக்னர் ஆற்றல் என்பது அதுதான். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீப்பிடித்தது இந்த ஆற்றலை வெளியேற்றுவதற்காகச் சூடேற்றியபோதுதான். கிராஃபைட்டுக்கு எழுதிய வெப்பநிலை அட்டவணையை ஓரடுக்குக் கிராபீனுக்கு அப்படியே எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே.

எந்த வெப்பநிலையில் எது நகரும்?

ஒரு குறை தாவும் வேகத்தை, சூடு ஏற ஏற வேகம் எப்படிக் கூடும் என்று சொல்லும் அர்ரேனியஸ் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கலாம். முயற்சி எண், அதாவது குறை தாவ முயலும் தடவைகள், நொடிக்கு 10¹³ என்று கொள்ளுங்கள். ஒற்றைக் காலியிடம் நகர்வதற்கான தடை, அதாவது தாண்ட வேண்டிய ஆற்றல், 1.2 முதல் 1.7 எலெக்ட்ரான் வோல்ட் வரை கணிக்கப்படுகிறது. 1.4 என்று வைத்தால், 27 டிகிரி செல்சியஸில் ஒரு தாவலுக்குச் சுமார் 1000 ஆண்டு ஆகும். 100 டிகிரியில் பத்து நாள், 200 டிகிரியில் ஒன்றேகால் நிமிடம். 400 டிகிரியில் நொடிக்கு முந்நூறு தாவல். ஆகவே 200 முதல் 400 டிகிரிக்குள் ஒற்றைக் காலியிடங்கள் அலைந்து திரிந்து ஒன்றையொன்று சந்திக்கும், இரட்டையாகும். இரட்டைக்குத் தடை ஏறக்குறைய 7 எலெக்ட்ரான் வோல்ட். அது 1000 டிகிரியில்கூட ஒரு தாவலுக்குக் கோடிக்கணக்கான ஆண்டு எடுக்கும். அதாவது நகராது.

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர் "400 டிகிரியில் முழுதாகக் குணமானது" என்று எழுதமாட்டார். 400 டிகிரி காலியிடங்களை இரண்டிரண்டாகக் கட்டிப்போடும் வெப்பநிலை. எண்ணிக்கை பாதியாகும், டி உச்சியும் இறங்கும், ஆனால் தொலைந்த அணுக்கள் தொலைந்தவைதான்.

ஒட்டிய ஹைட்ரஜன் 150 முதல் 450 டிகிரிக்குள் பெரும்பாலும் கழன்றுபோகும். தனிக் கார்பன் அறை வெப்பத்திலேயே ஓடித்திரியும். ஆக்சிஜன் குழுக்கள் 200 டிகிரிக்கு மேல் போகும், ஆனால் தனியாகப் போவதில்லை. கார்பன் மோனாக்சைடாகவோ டையாக்சைடாகவோ ஒரு கார்பனையும் பிடுங்கிக்கொண்டு போகும். காற்றில் பல நாள் கிடந்த மாதிரியைச் சூடேற்றினால் புதுக் காலியிடம் பிறப்பது இப்படித்தான்.

படி 1: நான்கு துண்டு

ஒரே படலத்திலிருந்து 5 மி.மீ. சதுரமாக நான்கு துண்டு வெட்டுங்கள். 300 நானோமீட்டர் ஆக்சைடு உள்ள சிலிக்கான் வசதியானது. முதல் துண்டுக்குக் கற்றையும் இல்லை, உலையும் இல்லை. இரண்டாவதற்குக் கற்றை இல்லை, உலை மட்டும். மூன்றாவதற்குக் கற்றை மட்டும், உலை இல்லை. நான்காவதற்கு இரண்டும். பலரும் விட்டுவிடுவது இரண்டாவதை. அது இல்லாமல் உலை தானாகச் செய்த மாற்றத்தையும் குறைகளில் நடந்த மாற்றத்தையும் பிரிக்க வழியே இல்லை.

ஒவ்வொன்றின் மூலையிலும் வைர ஊசியால் 'ட' வடிவக் கீறல் போட்டு, அதிலிருந்து எத்தனை மைக்ரோமீட்டர் தள்ளி அளந்தீர்கள் என்று குறித்துவையுங்கள். சூடேற்றிய பின் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

கல்பாக்கத்திலிருந்தோ தில்லியிலிருந்தோ கற்றை பட்ட மாதிரி ஊர் வந்துசேரும் வரை காற்றில் இருந்தால் தொங்கும் பிணைப்புகளில் ஈரமும் ஆக்சிஜனும் ஹைட்ரோகார்பனும் ஏறிக்கொள்ளும். ஒட்டுப்பசை ஜெல் உள்ள பெட்டியில் சிலிக்கோன் ஆவி படியும். சுத்தமான மூடியிட்ட வேஃபர் டப்பாவில் வைத்து, சிலிக்கா ஜெல்லோடு காற்று நீக்கிய பையில் கொண்டுவாருங்கள். கற்றை பட்ட நாளுக்கும் உலை ஏறிய நாளுக்கும் இடைவெளி எத்தனை என்பதை நோட்டில் எழுதுங்கள். நான்கு துண்டும் ஒரே பெட்டியில் பயணம் செய்யட்டும்.

படி 2: சூடேற்றும் முன் ராமன்

532 நானோமீட்டர் லேசர், 100 மடங்கு லென்ஸ், மாதிரியின்மேல் விழும் திறன் 1 மில்லிவாட்டுக்குக் கீழே. முதலில் சிலிக்கானின் 520.7 செ.மீ⁻¹ உச்சியில் அளவு சரிபாருங்கள். பிறகு ஒரே புள்ளியில் தொடர்ந்து மூன்று முறை எடுங்கள். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாவிட்டால் லேசரே மாதிரியைச் சூடேற்றுகிறது. திறனைப் பாதியாக்கித் திரும்ப எடுங்கள். மிகவும் அடிபட்ட மாதிரியில் இது அடிக்கடி நடக்கும்.

ஒற்றைப் புள்ளி அளவை நம்பாதீர்கள். 20 மைக்ரோமீட்டர் சதுரத்தில் 1 மைக்ரோமீட்டர் இடைவெளிக்கு 400 புள்ளி எடுத்து, பரவலோடு சராசரியைக் குறியுங்கள். டி 1350க்கு அருகில், ஜி 1580, டி-பிரைம் 1620, 2டி 2680 செ.மீ⁻¹. டியும் டி-பிரைமும் குறையால் எழுபவை, ஜியும் 2டியும் குறையற்ற கிராபீனிலும் இருப்பவை. ஜியும் டி-பிரைமும் ஒட்டி நிற்கும். இரண்டையும் தனித்தனி லாரன்ட்ஸ் வளைவாகப் பொருத்துங்கள். உயரத்தை எடுப்பதா பரப்பை எடுப்பதா என்று முதலிலேயே முடிவுசெய்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

டி-ஜி விகிதத்திலிருந்து குறை இடைவெளிக்கு வரும் கணக்கு 532 லேசருக்கு எளிது. இடைவெளியின் வர்க்கம் நானோமீட்டரில் 144ஐ விகிதத்தால் வகுத்தால் வரும். சதுர செ.மீ.க்குக் குறை எண்ணிக்கை, விகிதத்தை 2.25 × 10¹¹ ஆல் பெருக்கினால் வரும். விகிதம் 0.8 என்றால் இடைவெளி 13.4 நானோமீட்டர், எண்ணிக்கை 1.8 × 10¹¹. ஒரு சதுர மைக்ரோமீட்டரில் உள்ள 3.8 கோடி அணுவில் 1800 குறை. சூடேற்றிய பின் 0.2 என்றால் 450.

இந்தக் கணக்கு இடைவெளி 10 நானோமீட்டருக்கு மேல் உள்ளபோது மட்டுமே செல்லும். விகிதம் குறை கூடக்கூட ஏறி, இடைவெளி 3 அல்லது 4 நானோமீட்டர் ஆகும்போது உச்சம் தொட்டு, அதற்குமேல் அடிபட்டால் இறங்கிவிடும். ஒரே விகிதத்துக்கு இரண்டு மாதிரி இருக்கலாம்: லேசாக அடிபட்டது ஒன்று, நைந்துபோனது ஒன்று. பிரிக்க ஜி உச்சியின் அகலத்தைப் பாருங்கள். லேசாக அடிபட்டதில் 15 முதல் 25 செ.மீ⁻¹ போல இருக்கும். நைந்ததில் டியும் ஜியும் பருத்து, 2டி தேய்ந்து கிடக்கும்.

இதை விட்டவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நைந்த மாதிரியைச் சூடேற்றினால் டி-ஜி விகிதம் முதலில் ஏறும். "அனீலிங் கெடுத்துவிட்டது" என்று உலையை அணைத்துவிடுவார்கள். விகிதம் ஏறும்போது ஜி அகலம் குறைந்து 2டி தலைதூக்கினால் அது முன்னேற்றம். விகிதமும் ஏறி ஜி அகலமும் கூடினால் எங்கோ ஆக்சிஜன் கசிகிறது.

படி 3: உலையைச் சோதித்துப் பார்ப்பது

மாதிரியை ஏற்றும் முன் வெற்று ஓட்டம் இரண்டு. முதலில் குவார்ட்ஸ் குழாயையும் அலுமினாப் படகையும் 1000 டிகிரியில் 2 மணி நேரம் காய்ச்சுங்கள். அடுத்து, கிராபீன் இல்லாத வெறும் ஆக்சைடு சில்லை வைத்து, மாதிரிக்குத் திட்டமிட்ட அதே ஓட்டத்தை முழுதாக நடத்துங்கள். வெளியே எடுத்து ராமன் பாருங்கள். 1300க்கும் 1600க்கும் இடையே அகலமான திட்டு தெரிந்தால் பம்ப் எண்ணெயோ ஓ-ரிங் ரப்பரோ கார்பனாக வந்து படிகிறது. அந்த உலையில் எடுக்கும் எந்த டி உச்சிக்கும் அர்த்தமில்லை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கட்டுப்பாட்டுப் பெட்டி காட்டும் எண் குழாய்க்கு வெளியே உள்ள வெப்பம். கே-வகைத் தெர்மோகப்பிள் ஒன்றைக் குழாய்க்குள், படகிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் நிறுத்துங்கள். 20, 30 டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

இனி வாயு. இங்கேதான் பெரும்பாலான சோதனைகள் கெடுகின்றன. "ஐந்து ஒன்பது" ஆர்கான், அதாவது 99.999 சதவீதம், சுத்தமானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதில் மீதி பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. வளிமண்டல அழுத்தத்தில் ஓடவிட்டால் அந்த அசுத்தம் மட்டும் 0.01 மில்லிபார். 10⁻⁵ மில்லிபார் வேக்குவத்தைவிட அது ஆயிரம் மடங்கு அழுக்கு. 10⁻⁶ மில்லிபாரிலேயே ஓரிரு நொடிக்கு ஒரு படலம் அளவுக்கு மூலக்கூறுகள் பரப்பில் மோதும் என்றால் ரோட்டரி பம்ப் மட்டும் தரும் 10⁻³ எப்படிப்பட்டது என்று பாருங்கள். 400 டிகிரிக்குமேல் போவதாக இருந்தால் டர்போ பம்ப் வேண்டும், அல்லது ஆர்கான் வரும் வழியில் ஆக்சிஜன் வடிகட்டி வேண்டும். காற்றில் ஓரடுக்குக் கிராபீன் 450 டிகிரியிலேயே குழிவிழத் தொடங்கும், காலியிடம் உள்ள இடம் அதற்கும் முன்னால்.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரெல்லாம் வியர்க்கும். குழாயின் உட்சுவரும் அப்படித்தான் ஈரம் குடிக்கும். வாயு வரும் குழாய் ரப்பரோ சிலிக்கோனோ என்றால் மாற்றுங்கள், அதன் வழியே ஈரம் ஊடுருவும். எவர்சில்வர் அல்லது செம்புக் குழாய் போடுங்கள். வேலை இல்லாத இரவிலும் குழாயைப் பம்பில் விட்டுவையுங்கள். டர்போவுக்குக் குளிர்நீர் தேவையென்றால் ஆழ்குழாய்த் தண்ணீரை நேரே விடாதீர்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பு, உள்ளே படிந்து வழியை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரை ஒரு சில்லரில் சுழற்றுங்கள்.

ஆர்கானோடு 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து விடுவதாக இருந்தால் வெளிப்போக்குக் குழாயை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோங்கள், இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். காற்றில் 4 சதவீதத்திலேயே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். 800 டிகிரிக்குமேல், குறிப்பாகச் செம்பின்மேல், ஹைட்ரஜன் காலியிடத்தின் விளிம்பை அரித்துப் பெரிதாக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 4: ஓட்டம்

மூன்று முறை பம்ப் செய்து மூன்று முறை ஆர்கான் நிரப்புங்கள். நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 150 வரை ஏற்றி ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். அழுத்தமானி முதலில் ஏறி, பின் இறங்கி நிலைக்க வேண்டும். நிலைக்காமல் மேலே போனால் ஈரம் போகவில்லை. அதன்பின் இலக்கு வெப்பநிலைக்கு அதே வேகத்தில் போய் 30 நிமிடம்.

200, 300, 400, 500, 600, 700 என்று ஒரே துண்டைப் படிப்படியாக ஏற்றி ஒவ்வொன்றுக்குப் பின்னும் ராமன் எடுக்கலாம். இதில் ஒவ்வொரு முறையும் காற்றுப் படுகிறது. வேறு வழி, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் புதுத் துண்டு. அதில் துண்டுக்குத் துண்டு வேறுபாடு வரும். முதலில் படிப்படியாகச் செய்து எங்கே மாற்றம் வருகிறது என்று கண்டு, அந்த இரண்டு வெப்பநிலைகளுக்கு மட்டும் புதுத் துண்டு வைத்துச் சரிபார்ப்பது எங்கள் பரிந்துரை.

இறக்கும்போது பொறுமை வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே வராமல் திறக்காதீர்கள். 700லிருந்து தானாக ஆறச் சில மணி நேரம் ஆகும், அதையும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை முன்கூட்டியே பாருங்கள். நடுவில் மின்சாரம் போனால் மூன்று விஷயம் தயாராக இருக்க வேண்டும். ரோட்டரி பம்ப் நின்றதும் எண்ணெய் பின்னோக்கி ஏறாதபடி தானாக மூடும் வால்வு. மின்சாரம் திரும்பியதும் உலை தானாகத் தொடராமல் நிறுத்தத்திலேயே இருக்கும்படி அமைப்பு. உள் தெர்மோகப்பிளின் அளவைப் பதியும் பேட்டரிக் கருவி. அந்தப் பதிவு இல்லாவிட்டால், தடைபட்ட ஓட்டத்தின் மாதிரி எத்தனை நிமிடம் எந்தச் சூட்டில் இருந்தது என்று சொல்ல முடியாது. அதை ஒதுக்கிவைப்பதே நேர்மை.

படி 5: நிறமாலையை வாசிப்பது

டிக்கும் டி-பிரைமுக்கும் உள்ள விகிதம்தான் இந்த வேலையில் மிகவும் உதவும் எண். காலியிடம் மிகுந்தால் 7க்கு அருகில், மேலே குழுக்கள் ஒட்டியிருந்தால் 13 அளவில், படிக எல்லைகள் என்றால் 3.5 போல வரும். சூடேற்றும் முன் 9, 300 டிகிரிக்குப் பின் 7, டி பாதியாக இறங்கியது என்றால் ஒட்டியவை போய்விட்டன, காலியிடம் அப்படியே இருக்கிறது என்று வாசிக்க வேண்டும். குணமாகவில்லை, கழுவப்பட்டிருக்கிறது. விகிதம் முழுக்க 7லேயே நின்று டி இறங்கினால் காலியிடங்களே குறைந்தன. இணைந்து குறைந்தனவா, அடைபட்டுக் குறைந்தனவா என்பதை ராமன் மட்டும் சொல்லாது. அணுத் தெளிவுள்ள நுண்ணோக்கி வேண்டும். அது கிடைக்காதபோது "காலியிடக் குறியீடு குறைந்தது" என்று எழுதுவதே சரி.

2டி உயரம் குறைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆக்சைடின்மேல் சூடேற்றிய கிராபீன் அடித்தளத்தோடு ஒட்டிக்கொள்ளும். காற்றுக்கு வந்ததும் ஆக்சிஜனும் ஈரமும் அதிலிருந்து எலெக்ட்ரானை இழுக்கும். ஜி 1590ஐத் தாண்டி நகரும், 2டி தாழும், ஜியின் அகலம் குறையும். குளிரும்போது கிராபீனும் ஆக்சைடும் வேறு வேறு அளவில் நீளம் மாறுவதால் இறுக்கமும் ஏறும். ஜி நகர்வைக் கிடை அச்சிலும் 2டி நகர்வை நெடு அச்சிலும் வைத்து வரையுங்கள். சாய்வு 2.2 போல வந்தால் இறுக்கம், 0.7 போல வந்தால் மின்னூட்டம். இரண்டாவது துண்டும் இதே நகர்வைக் காட்டினால் அது குறையோடு சம்பந்தமில்லாதது, நான்காவது துண்டிலிருந்து கழித்துவிடுங்கள்.

படலத்தை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் பயன்படுத்திய பிஎம்எம்ஏ பிளாஸ்டிக்கின் எச்சம் 350 டிகிரியில் முழுதாகப் போவதில்லை, ஒரு பகுதி கரியாகி உட்காரும். டியின் அடியில் மேடு மாதிரி தெரிவது அது.

படி 6: நாற்றைச் செருகுவது

தொலைந்த அணுவைத் திருப்பித் தர வெளியிலிருந்து கார்பன் வேண்டும். செம்பின்மேல் இருக்கும் படலம் என்றால் 900 முதல் 1000 டிகிரியில் சிறிதளவு மீத்தேன் விடலாம். செம்பு 1085ல் உருகும், வேக்குவத்தில் அதற்கு முன்பே ஆவியாகும், ஆகவே அழுத்தம் சில மில்லிபாராவது இருக்கட்டும். ஆக்சைடின்மேல் உள்ளதை இந்த வெப்பத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், ஆக்சைடே படலத்தைக் கெடுக்கும். சிலிக்கான் கார்பைடின்மேல் வளர்த்தது 1200 டிகிரிக்குமேல் தானாகப் புதுக் கிராபீனை வளர்க்கும், பழையது குணமானதாக எண்ணி ஏமாறலாம்.

மீத்தேன் விட்டபின் டி மறைவது மகிழ்ச்சிதான், ஆனால் காலியிடத்தில் போய் உட்கார்ந்ததா, மேலே இன்னொரு படலமாகப் பரவியதா என்று பார்க்க வேண்டும். ஓரடுக்கில் 2டி அகலம் 25 முதல் 30 செ.மீ⁻¹. சூடேற்றிய பின் அது 50ஐத் தொட்டால் இரண்டாம் அடுக்கு முளைத்திருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் உறுதியாக வேண்டுமானால் கார்பன்-13 மீத்தேனை விடுங்கள். அந்தக் கார்பனால் ஆன படலத்தின் ஜி உச்சி 60 செ.மீ⁻¹ கீழே, 1520க்கு அருகில் தனியாக நிற்கும். 1580 மட்டும் இருந்தால் செருகிய நாற்று அளவாக விழுந்திருக்கிறது. பக்கத்தில் 1520உம் எழுந்திருந்தால் பழைய வயலின்மேல் புது வயல் ஒன்று போர்த்தப்பட்டிருக்கிறது. அப்போது மீத்தேனைப் பாதியாக்கி, புதுத் துண்டில் தொடங்குங்கள்.